மேகம் ஏறும் முன் விளிம்புக்கு: ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நாள் நடை

கேள்வி இது. பருத்தித்துறையில் இருந்து நான்கு பேர் மலையகம் வருகிறீர்கள். ஊரில் கடற்கரை ஓரமாகவும் தோட்ட வரம்புகளிலும் விடியற்காலையில் நடந்து பழக்கம். அம்மாவுக்கு 61 வயது. போன வழியாலே திரும்பாமல், சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடிகிற ஒரு நடை வேண்டும். ஒரு பகலுக்குள் அடங்க வேண்டும். கரை போல ஓர் இடமும், பயிர் நிலமும் வழியில் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தீர்கள்.

கடல் எங்களிடம் இல்லை. ஆனால் நிலம் சட்டென்று முடிந்துபோகிற கரை ஒன்று இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள். நான் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, மேலே மேகத்துக்குள் மறைந்திருந்த அந்த மேட்டை நிமிர்ந்து பார்த்து வளர்ந்தவன். இதுவரை எத்தனை முறை நடந்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. எல்லா மாதத்திலும் நடந்திருக்கிறேன்.

பாதை முழுச் சுற்றாக ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதியில் தொடங்கும். அது இப்போது பார்வையாளர் நிலையம். அங்கிருந்து புல்வெளி, பிறகு காடு, சின்ன உலக முடிவு, உலக முடிவு என்ற இரண்டு செங்குத்துப் பாறை விளிம்புகள், மறுபடி காடு, பேக்கர் நீர்வீழ்ச்சி, ஓடையோரப் புல்வெளி, அப்புறம் தொடங்கிய இடம். இளையவர்கள் மூன்று மணி நேரத்தில் முடிப்பார்கள். அம்மாவோடு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமே வேண்டாம்.

முக்கியமான விஷயம் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதுதான். தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும், பலகை இருக்கும். சின்ன உலக முடிவைக் காட்டுகிற பக்கமே திரும்புங்கள். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் அங்கேதான் இருக்கும், பன்னிரண்டு மணிக்கும் அங்கேதான் இருக்கும். விளிம்பின் காட்சி அப்படி இல்லை. ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் பெரும்பாலான நாட்களில் வெள்ளைத் திரை விழுந்துவிடும். அதற்குப் பிறகு போனால் உங்கள் கால் விரலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் நேரம் பார்த்துப் புறப்படுவதற்கு மனம் வரும். உலக முடிவில் பாறை ஏறத்தாழ 870 மீற்றர் கீழே விழுகிறது. விடியும்போது கீழே உள்ள சமநிலம் குளிர்ந்து கிடக்கும், காற்று அசையாது. வெயில் ஏற ஏற கீழே காற்று சூடாகி, பாறைச் சுவரை ஒட்டி மேலே வரும். நூறு மீற்றர் ஏறினால் அரை பாகைக்கு மேல் குளிரும் காற்று, அந்த உயரத்தை ஏறி முடிப்பதற்குள் ஈரத்தைத் தாங்க முடியாமல் மேகமாகிவிடும். நீங்கள் விளிம்பில் நின்றால் அந்த மேகம் உருவாவதையே பார்க்கலாம். கீழே பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று தோன்றும். பத்து நிமிடத்தில் அது பெரிதாகி, உங்கள் முகத்தில் ஈரமாகப் படும். கடல் அலை கரைக்கு வருகிற மாதிரியே இருக்கும். உங்கள் அம்மாவுக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே நுவரெலியாவில் தங்குங்கள். அங்கிருந்து சுமார் 32 கிலோமீற்றர். அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பாதை ஏறுகிறது. விடிகாலை நாலரைக்கு வேன் புறப்பட வேண்டும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும்போது நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள், உள்நாட்டவருக்கான நுழைவுச்சீட்டு அதைக் காட்டினால்தான். வார நாளாகப் பாருங்கள். நீண்ட விடுமுறையிலும் ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்திலும் போக வேண்டாம். வாகன வரிசையிலேயே மேகம் ஏறிவிடும்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்த மேட்டை அடித்துக்கொண்டே இருக்கும். நடக்கலாம், காட்சியை எதிர்பார்க்க முடியாது. ஜனவரி, பெப்ரவரியில் இரவு உறைபனி விழும். காலை வெயிலில் புல் நுனிகள் வெள்ளையாக மின்னும். அந்தக் குளிர் உங்களுக்குப் பழக்கமில்லாதது. ஸ்வெட்டர், காதை மூடுகிற தொப்பி, கனமான காலுறை எல்லாம் கட்டாயம். ஒன்பது மணிக்கு மேல் அதே ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டுவீர்கள். 2100 மீற்றர் உயரத்து வெயில் குளிரிலும் தோலைச் சுடும் என்பதால் தொப்பியை மட்டும் கழற்ற வேண்டாம்.

வாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்தினர் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பிஸ்கட் உறையைக் கூடப் பிரித்துக் காகிதத்தில் போட்டுத் தருவார்கள். இதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். ஃபார் இன் பக்கம் மேய்கிற மரைகள் என்ற பெரிய மான்கள் ஆட்களிடம் தீனி வாங்கிப் பழகி, பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் செத்திருக்கின்றன. கிட்ட வந்து மூக்கை நீட்டும், கண்ணைப் பார்த்தால் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். உங்கள் சாப்பாட்டை வாழையிலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும், பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் இருந்தால் அந்த இடத்தில் அதைவிட வேறொன்றும் தேவைப்படாது. கழிப்பறை வேலையைத் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நடை.

முதல் பகுதி புல்வெளி. இதைப் பத்தனை என்போம். அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கமெல்லாம் ஊர்ப் பெயரிலேயே இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டை கட்டையாக வளர்கிற புல், கறுப்பு மண், அடியில் எப்போதும் தண்ணீர். மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுகிற நிலம் இது. பெலிஹுல் ஓயாவும் கிரிகெட்டி ஓயாவும் இங்கிருந்து தெற்கே இறங்கி வளவை கங்கைக்குப் போகின்றன. அக்ரா ஓயா மறுபக்கம் எங்கள் ஊர் வழியாக இறங்கி, கொத்மலை ஓயாவாகி மகாவலியோடு சேர்கிறது. நான் சின்ன வயதில் குளித்த தண்ணீர் இந்தப் புல்லின் அடியில் இருந்து வந்தது என்பதை இருபது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். அன்றைக்குப் பிறகு இந்தப் புல்லை மிதிக்க எனக்கு மனம் வருவதில்லை. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று பலகை சொல்வதற்குக் காரணமும் அதுதான். ஒரு தடவை மிதித்த தடத்தில் மழைநீர் ஓடி வாய்க்காலாக்கிவிடும், அந்தப் பக்கத்து ஈரமெல்லாம் அதன் வழியே வடிந்துபோகும்.

ஃபார் இன் அருகே ஒரு பகுதியில் புல் வேறு மாதிரி, கொஞ்சம் மென்மையாக, சமமாகத் தெரியும். கவனித்துப் பாருங்கள். 1960களில் அங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969ல் சரணாலயம் என்று அறிவித்தார்கள், எழுபதுகளில் பயிர்ச் செய்கை நின்றது, 1988ல் தேசியப் பூங்காவாயிற்று. 2010ல் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. உழவு நின்று இத்தனை காலமாகியும் பழைய புல் அங்கே முழுதாகத் திரும்பவில்லை. பயிர்நிலமும் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா, இந்த இடமும் அந்தக் கதையில் ஒரு பக்கம்தான்.

காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் குறையும். மரங்கள் உயரமாக இருக்காது. குடை விரித்த மாதிரி தலை, முறுக்கிய கிளை, கிளை முழுதும் பாசி. கீன என்று சிங்களத்தில் சொல்கிற மரம்தான் அதிகம். மழை பெய்யாத நாளிலும் இந்த இலைகளும் பாசியும் மேகத்தில் இருந்து தண்ணீரைப் பிடித்துத் தரையில் சொட்டவிடும். நின்று கேட்டால் சொட்டுச் சத்தம் கேட்கும். கீழே அடர்ந்த செடியாக நிற்பது நெலு, எங்கள் தமிழில் குறிஞ்சி. நெலுவில் பல வகை உண்டு, சில வகை ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒரு தடவைதான் பூக்கும். 2013ல் காடே ஊதாவாகிய காலையில் நான் அங்கே நின்றிருக்கிறேன். மலைக்கும் மலை சார்ந்த நிலத்துக்கும் நம் முன்னோர் ஏன் இந்தப் பூவின் பெயரை வைத்தார்கள் என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லாமல் போயிற்று.

பிள்ளைகள் யாராவது உடன் வந்தால் மரக்கிளைகளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று இருக்கிறது, இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும். சிறுத்தையும் இந்தக் காட்டில் வாழ்கிறது, பகலில் நடக்கிறவர்கள் பார்ப்பது அபூர்வம். யானை இப்போது இல்லை. பிரித்தானியர் காலத்து வேட்டையில் தீர்ந்துபோயிற்று.

சின்ன உலக முடிவு ஒரு முன்னறிமுகம் மாதிரி. அங்கே ஐந்து நிமிடம் போதும். இன்னும் ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல் நடந்தால் உலக முடிவு.

அங்கே முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு எட்டிப் பார்க்க வேண்டாம், உட்கார்ந்து பாருங்கள். 2015ல் நெதர்லாந்துப் பயணி ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்தபோது தவறி விழுந்து, கீழே ஒரு மரத்தில் தங்கியதால் உயிர் பிழைத்தார். மற்றவர்களுக்கு அப்படி மரம் கிடைத்ததில்லை. படம் எடுப்பவர் எப்போதும் உட்பக்கமாக நிற்கட்டும்.

தெளிவான காலையில் உடவளவ நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டு போலத் தெரியும். இன்னும் தெளிவாக இருந்தால், 80 கிலோமீற்றர் அளவில் தெற்கே, வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளிக் கோடு. அதுதான் கடல். நான் மூன்று தடவை மட்டும் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கிடைத்தால் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நேர் கீழே பாருங்கள். பச்சைப் பாய் மாதிரித் தேயிலை, நடுவில் தீப்பெட்டி அளவில் தகரக் கூரைகள். அது நன்பேரியல் தோட்டம். அந்தக் கூரைகள் லயங்கள். அங்கே இருப்பவர்கள் எங்கள் ஆட்கள். நீங்கள் மேலே உட்கார்ந்திருக்கிற ஏழு, எட்டு மணிக்கு அவர்கள் கொழுந்து எடுக்கப் புறப்பட்டிருப்பார்கள். வெயில் நாளில் நிரை நிரையாக ஆட்கள் நிற்பதைத் தொலைநோக்கி இருந்தால் பார்க்கலாம். காட்சியைப் படமெடுக்கிற பலர் கீழே மனிதர்கள் இருப்பதையே கவனிக்காமல் திரும்புகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

மேலே காடு, கீழே தேயிலை என்று இப்படி ஒரு கோடு விழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக்காக மலைகளை எல்லாம் வெட்டிக்கொண்டே போன காலத்தில், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873ல் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக் கூடாது என்று அரசு நிறுத்தியது. அந்த முடிவு வந்திருக்காவிட்டால் நீங்கள் நடக்கிற இந்தப் பாதையும் தேயிலைக்குள்தான் போயிருக்கும். ஹோர்ட்டன் என்ற பெயர் அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனுடையது, 1834ல் வைத்தது. அதற்கு முன்பு சிங்களத்தில் மகாஎலிய.

விளிம்பில் இருந்து கீழே இறங்க யாராவது வழி காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

இனிப் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம். இரண்டு கிலோமீற்றர் அளவு, இந்த நடையிலேயே அம்மாவுக்குக் கஷ்டமான பகுதி இதுதான். வேரும் கல்லும் ஈரமாக வழுக்கும், கடைசியில் அருவிக்கு இறக்கம், பிறகு ஏற்றம். ஒரு ஊன்றுகோல் இருந்தால் பெரிய உதவி. அடிப்பாகம் தேய்ந்த செருப்பு கூடவே கூடாது. உலக முடிவிலேயே அம்மா களைத்துவிட்டதாகத் தெரிந்தால் இந்தப் பக்கம் வராமல், வந்த வழியே நான்கு கிலோமீற்றர் திரும்புவது சுலபம். நடுவில் குறுக்குவழி எதுவும் இல்லை, வாகனமும் வராது. அந்த முடிவை உலக முடிவில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அருவி 20 மீற்றர் உயரம். பழுப்பு நிறத் தண்ணீர் கறுப்புப் பாறையில் விசிறி போல விரியும். பழுப்புக்குக் காரணம் அழுக்கல்ல, மேலே பார்த்த கறுப்பு மண்ணும் புல்லும் தந்த சாயம். குளிக்க அனுமதி இல்லை. நீரோட்டம் பாறைக்கு அடியில் இழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை போட்டு இந்தச் சமவெளியில் வேட்டையாடிய ஆங்கிலேயர். அவரை விட அந்தத் தண்ணீரைப் பற்றி நினைக்கத்தான் எனக்கு நிறைய இருக்கிறது.

அருவிக்குப் பிறகு மூன்று கிலோமீற்றர் அளவு, ஓடையை ஒட்டிய திறந்தவெளி. பலரும் இந்தக் கடைசிப் பகுதியைத் தலைகுனிந்து வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று. எனக்கு இந்த முழுச் சுற்றிலும் பிடித்த இடம் இதுதான். அந்நேரம் மேகம் வந்து சேர்ந்திருக்கும். ஒரு குன்று மறையும், இன்னொன்று வெளிவரும். ஓடையில் குட்டை மூங்கில் புதர்கள், தண்ணீருக்குள் பிரித்தானியர் கொண்டு வந்து விட்ட ட்ரவுட் மீனின் வழித்தோன்றல்கள். பிளாஸ்க்கில் மிச்சம் இருக்கும் பிளேன்டீயை இங்கே குடியுங்கள்.

பதினொன்றரைக்கு வேனுக்குத் திரும்பியிருப்பீர்கள். பயிர்நிலம் பார்க்கப் பிற்பகல் முழுதும் கையில் இருக்கும்.

பட்டிப்பொலப் பக்கம் இறங்கும்போது, ஊருக்கு வந்ததும் வேனை முன்னே அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் கால்நடையாக நடங்கள். மலைச் சரிவு முழுதும் படி படியாக வெட்டிய மரக்கறி நிலம். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு. ஒரு பாத்தியில் நாற்று, பக்கத்தில் அறுவடை, அதற்கும் பக்கத்தில் உழுதுபோட்ட கறுப்பு மண். உங்கள் பக்கத்து வெங்காயப் பாத்தியைப் பார்த்த கண்ணுக்கு வேலையின் நேர்த்தி உடனே புரியும், சரிவில் இதைச் செய்வதன் பாடும் புரியும். ஒரு சொல் மட்டும் கவனம். உங்கள் ஊரில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் போடுகிற காணி. எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் மட்டுமே. மலைக்குப் போகிறேன் என்றால் கொழுந்து எடுக்கப் போகிறேன் என்று பொருள். ஆகவே வழி கேட்கும்போது மரக்கறிக் காணி என்றே கேளுங்கள்.

வேலை செய்கிறவர்களிடம் கேட்காமல் பாத்திக்குள் கால் வைக்க வேண்டாம். மருந்து அடித்த பயிராகவும் இருக்கலாம். நின்று ஒரு வார்த்தை பேசினால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். 2021ல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தபோது இந்தச் சரிவுகள் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வீதியோரத்தில் கழுவிக் குவித்த கரட் விற்பார்கள், வாங்குங்கள்.

உடம்பில் பலமுள்ள இருவர் மட்டும் பெரிய சுற்று போக விரும்பினால் அதற்கும் வழி உண்டு. பட்டிப்பொல நிலையத்தில் இருந்து ஃபார் இன் வரை வீதியில் பத்துப் பதினொரு கிலோமீற்றர் ஏற்றம், பிறகு இந்தச் சுற்று, பிறகு ஒஹிய நிலையத்துக்குப் பதினொரு கிலோமீற்றர் இறக்கம். ஒஹியவும் பட்டிப்பொலவும் அடுத்தடுத்த நிலையங்கள், ஆகவே கோச்சியில், அதாவது ரயிலில், ஏறினால் தொடங்கிய இடத்துக்கே வந்து வட்டம் மூடும். இரண்டுக்கும் நடுவில்தான் இலங்கை ரயில் பாதையின் மிக உயரமான இடம், 6200 அடிக்கு மேல். அங்குள்ள சுரங்கத்தின் ஒரு வாயில் மழையும் மறுவாயில் வெயிலும் இருக்கிற நாளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு பக்கம் நுவரெலியா, மறுபக்கம் ஊவா. இரண்டுக்கும் மழைக்காலமே வேறு. ஆனால் மொத்தம் 30 கிலோமீற்றருக்கு மேல் வரும். விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மேகம் ஏறியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இது வேண்டாம்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பெரிதாகச் சேதப்படுத்தியது. ஆகவே கோச்சி எதுவரை ஓடுகிறது, பட்டிப்பொல வீதி எப்படி இருக்கிறது என்று நானுஓயா நிலையத்திலும் நீங்கள் தங்கும் இடத்திலும் முதல் நாள் மாலையே விசாரித்துவிடுங்கள். வேன்காரரிடம் நாலரை என்று சொல்லும்போது வாசலில் ஆறு மணிக்கு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் நேரத்துக்கு வருவார்.